விசில் ஊதினால் கரையேற வேண்டும்

(ஆர்.கே.புரத்தில் நடைபெற்ற அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



"கோடைக்கு நண்பர்களோடு போய்வந்த இடத்தைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுங்கோ, ஜாலியாக இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஜாலியான விஷயம்தான். ஆனால் அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அருவி, குரங்கு, மங்குஸ்தான் என்று மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தால், மூன்றாவது வரிசையில் இருக்கும் என் நண்பர் ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்குத்தான் மனசு கேட்காது. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறியிருக்கிறேன்.

நாங்கள் நாலு பேர். எழுபதுகளின் ஆரம்பத்தில் இதே ஆர்.கே.புரத்தில் அடுத்தடுத்த பிளாக்குகளில் குடியிருந்தவர்கள். 1973-ல் மலை மந்திர் கும்பாபிஷேகத்தின்போது நாலு பேருமாகப் பந்தியில் பரிமாறியிருக்கிறோம். ஒருவர் ஆடிட்டில் இருந்தவர். ஒருவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. ஒருவர் டில்லிக் காலேஜ் ஒன்றில் பாடனி புரொபஸர். அவர் மட்டும் முனிர்காவில் வாடகைக்கு இருந்தார், ஆனால் சாப்பிடும் நேரத்தில் எங்கள் பிளாக்கில்தான் இருப்பார். நாலாவது நான். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, பைல் பார்ப்பதற்காக டில்லிக்கு வந்தவன்.

ஜூன் மாதம் வந்தால் கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே குற்றாலத்தைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. மற்ற மூவரும் தஞ்சாவூர், பாலக்காட்டுக்காரர்கள், குற்றாலத்தைப் பார்த்ததில்லை. "ஒரு சீசனுக்கு உங்களை எல்லாம் அழைத்துப் போகிறேன்" என்று நான் சொல்லி ஐம்பது வருஷம் ஆயிற்று. எல்.டி.சி. வரும். அது பெண் கல்யாணத்துக்கோ, அப்பா சிரார்த்தத்துக்கோ, அம்மா ஆபரேஷனுக்கோ போய்விடும். ரிடையர் ஆன பிறகும் பேரன், அமெரிக்கா, முழங்கால் என்று ஏதாவது ஒன்று. கடைசியில் 2023-ம் வருஷம் ஆடிட் நண்பர் சொன்னார்: "ஸ்வாமி, அடுத்த வருஷம் என்று சொல்கிற வயசு நமக்குத் தாண்டிப் போயாச்சு." அவருக்கு 77. எங்களில் சின்னவருக்கு 72.

வீட்டில் நாலு பேருக்கும் ஒரே மாதிரியான உபதேசம்: "வழுக்கி விழுந்துடாதீங்கோ." மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி, துண்டு, ஸ்வெட்டர், பருப்புப்பொடி, சீடை எல்லாம் கட்டிக்கொடுத்து வழியனுப்பினார்கள். ஜூன் கடைசியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கே ஒரு பகல் ஓய்வு, இரவு எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். ராஜபாளையம் தாண்டியதும் ஜன்னல் வழியாக மலை கூடவே வர ஆரம்பித்தது. தென்காசியில் இறங்கினால் முகத்தில் சாரல். நாலு கிழவர்களும் பிளாட்பாரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். போர்ட்டர் சிரித்துக்கொண்டே போனார்.

இந்தச் சாரல் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, குளிரும்போது மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று வறண்டுவிடும். அதனால்தான் ஜூலையில் கொல்லத்தில் குடை பிடிப்பார்கள், திருநெல்வேலி டவுனில் விசிறிக்கொள்வார்கள். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைச்சுவர் தாழ்ந்திருக்கிறது. அந்த வாசல் வழியாக மேகமும் காற்றும் கொஞ்சம் தப்பி இந்தப் பக்கம் வருகின்றன. அதுதான் குற்றாலத்துச் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் என்று சொல்வதும் அதனால்தான். 2023-ல் கேரளத்தில் பருவமழையே தாமதம். வழக்கமாக ஜூன் 1-ம் தேதி வாக்கில் தொடங்குவது அந்த வருஷம் 8-ம் தேதி தொடங்கியது. நாங்கள் போன சமயம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் மெயின் அருவி. சுமார் 60 மீட்டர் உயரம். சிற்றாறு மேலிருந்து நேராக விழாமல், பாதியில் பாறையில் இருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழியில் விழுந்து, பொங்கி, பிறகு பரந்து கீழே வருகிறது. 60 மீட்டர் தடையில்லாமல் விழும் தண்ணீர் கீழே வரும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்று நம் பழைய பௌதிகச் சூத்திரம் சொல்கிறது. அந்த வேகத்தில் தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது. நடுவில் அந்தக் குழி இருப்பதால்தான் நாம் அதன் அடியில் நின்று சிவ சிவா என்று சொல்ல முடிகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விழுகிற தண்ணீர் சூடாகிறது. விழுந்த வேகம் முழுவதும் உஷ்ணமாக மாறினால் சுமார் 427 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. குற்றாலத்தில் ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு. அப்படியானால் ஏன் பல் தந்தியடிக்கிறது? திவலையாகச் சிதறும்போது கொஞ்சம் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அதைச் சுற்றியிருக்கிற நீரிடமிருந்தும் காற்றிடமிருந்தும் நம் உடம்பிடமிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது. இதை நான் அருவியில் நின்றபடியே விளக்கினேன். அந்த இரைச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. புரொபஸர் மட்டும் வெளியே வந்ததும், "என்னவோ மந்திரம் சொன்னீரே, என்ன ஸூக்தம்?" என்று கேட்டார்.

ஒரு காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது அங்கே பெரிய சடங்கு. இப்போது அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை. நல்லதுதான். குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு குற்றாலநாதர் கோவில், அப்புறம் சித்திர சபை. நடராஜாவின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும்தான் அவர் ஓவியமாக இருக்கிறார். அப்புறம் சுடச்சுட இட்லி. மத்தியானம் மங்குஸ்தான், ரம்புட்டான். ஆடிட் நண்பர் ஒவ்வொரு பழக்கடையிலும் விலை கேட்டுக் குறித்துக்கொண்டார். "எதற்கு ஓய்?" என்றால், "பழக்கதோஷம்" என்றார். ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி நான் ஏற்றிவைத்திருந்த எதிர்பார்ப்பைக் குற்றாலம் காப்பாற்றிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் மறுநாள் வேலையைக் கெடுத்தது.

மறுநாளும் மெயின் அருவி. வெயிலும் சாரலும் மாறி மாறி. தண்ணீர் முந்தின நாளைப் போலத்தான் இருந்தது. ஒரு கால்மணி நேரம் ஆனந்தமாக நின்றிருப்போம். விசில் சத்தம் கேட்டது. காவலுக்கு நின்ற இளைஞர் ஒருவர், என் பேரன் வயசு இருக்கும், கையை ஆட்டி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தேன், வானம் வெளுப்பாக இருந்தது. தண்ணீரில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "தாத்தா, வெளிய வாங்க, தண்ணி கூடுது" என்றார் அவர். "தம்பி, நான் இந்த அருவியில் நீ பிறக்கறதுக்கு முன்னாடியே குளிச்சவன். இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றேன். சர்க்காரில் 38 வருஷம் இருந்தவன். எனக்கு ஒரு பையன் விசில் ஊதுவதா என்கிற எண்ணமும் உள்ளே இருந்தது. இல்லை என்று இந்தச் சபையில் பொய் சொல்ல மாட்டேன்.

ரயில்வே நண்பர் விசில் கேட்ட உடனேயே வெளியே போய்விட்டவர். துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டார். நான் நிற்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார். "ஓய், சிவப்பு விழுந்தா நிக்கணும். ஏன் விழுந்ததுன்னு கேக்கப்படாது. வாரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விளையாட்டாகக் கையை உதறினேன். அவர் கால் பாசியில் வழுக்கிற்று. வலது கையை ஊன்றி விழுந்தார். அந்த விசில்காரப் பையனும் இன்னும் இரண்டு பேருமாக அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னால் நான் வந்தேன்.

கரையேறிப் பத்து நிமிஷம் இருக்காது. அருவியின் நிறம் மாறியது. முதலில் கலங்கல், பிறகு செம்மண் நிறம். இலை, சுள்ளி, சின்னக் கிளைகள். இரைச்சல் கனத்தது. மெயின் அருவியில் குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவையும் தாண்டி வெளியே வந்து விழுந்தது. பொங்குமாங்கடலால் அடக்க முடியாத அளவுக்கு வரும்போது இப்படித்தான் ஆகும். நான் நின்ற இடம் எது என்று கண்ணால் தேடினேன். தெரியவில்லை. நண்பர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "நல்ல வேளை" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தென்காசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. வயசானவர்கள் கை ஊன்றி விழுந்தால் சாதாரணமாக முறியும் இடம்தான் அது என்று டாக்டர் ஆறுதல் சொல்லி, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டுப் போட்டார். நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அந்த ராத்திரி யோசித்ததைச் சொல்கிறேன். நான் பார்த்தது என் தலைக்கு மேல் இருந்த வானத்தை. அருவிக்குத் தண்ணீர் வருவது அந்த வானத்திலிருந்து இல்லை. மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி, அதற்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத சரிவுகள். அங்கே பெய்கிற மழை செங்குத்தான பாறை வழியாக ஓடிவந்து ஒரே இடுக்கில் சேர்கிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் கிளம்பி வந்துகொண்டிருக்கும். பௌதிகம் படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். பழகின இடம் என்கிற நினைப்பு, தெரிந்த விஷயத்தை மறைத்துவிட்டது. அந்தப் பையனுக்கு என் சூத்திரம் தெரியாமல் இருக்கலாம். அவர் தினமும் அந்த நீரைப் பார்க்கிறவர். சத்தம் மாறுவது அவர் காதுக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாளே டில்லிக்குத் திரும்பிவிடலாம் என்றேன். ரயில்வே நண்பர் கேட்கவில்லை. "கைதானே உடைஞ்சது? கண்ணும் காலும் நன்னா இருக்கு. காட்டைக் காட்டறேன்னு சொன்னீர், காட்டும்" என்றார். வேன் அமர்த்திக்கொண்டு பாபநாசம் போனோம்.

பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-ல் புலிகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. களக்காடு 1976-ல் சிங்கவால் குரங்குக்காக ஏற்பட்டது. இரண்டையும் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். செக்போஸ்ட்டில் வேனை நிறுத்திப் பையைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் கவர் எதுவும் உள்ளே போகக்கூடாது. சீடைக் கவரை எடுத்துவிட்டு, சீடையை ஆடிட் நண்பரின் எவர்சில்வர் டப்பாவில் கொட்டினோம். "சாயங்காலத்துக்குள்ள கீழ இறங்கிடணும் ஐயா. அதுக்கப்புறம் ரோடு அதுங்களுக்கு" என்றார் காவலர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருப்பிச் சொன்னேன். நண்பர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழி. எங்கள் குடும்பத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா. அதனால் எனக்கு அது வெறும் காட்டுவழி இல்லை. வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடாமல் உட்கார்ந்தோம். முதலில் ஒரு மலையணில், பூனை அளவு இருக்கும், செம்பழுப்பு நிறம், கிளைக்குக் கிளை தாவிற்று. பிறகு கருமந்திகள், கறுப்பு உடம்பும் மஞ்சள் கலந்த பழுப்புத் தலையுமாக, இலையைத் தின்றபடி எங்களைச் சட்டை செய்யாமல் இருந்தன. தூரத்தில் ஒரு மிளா நின்று காதை மட்டும் அசைத்தது. புலி? பார்க்கவில்லை. ஈர மண்ணில் ஒரு கால் தடத்தை டிரைவர் காட்டினார். அது போதும் என்று எல்லோரும் வேனுக்குள் ஏறிவிட்டோம்.

அப்போதுதான் தலைக்கு மேலே "புஸ் புஸ்" என்று ஒரு சத்தம். ரயில்வே நண்பர் நிமிர்ந்து, "ஸ்டீம் இன்ஜின்!" என்றார். இருவாட்சிப் பறவை. அதன் சிறகடிப்புக்கு அப்படி ஒரு சத்தம். புரொபஸர் விளக்கினார்: பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் இடுக்கு மட்டும் விட்டு அடைகாக்கும். அதுவரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது தின்னும் பழங்களின் விதை காடு முழுவதும் விழுந்து முளைக்கிறது. காட்டு மரங்களின் வேரும் சருகும் மழையைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. தாமிரபரணி இரண்டு பருவமழைகளாலும் நீர் பெறுவதும், இந்தக் காடு அதைச் சேமித்து வைப்பதும் சேர்ந்துதான் அது வற்றாத ஜீவநதியாக இருக்கிறது. "நீர் சின்ன வயசிலே குடிச்ச தண்ணியிலே இந்தப் பறவைக்கும் பங்கு உண்டு ஓய்" என்றார்.

இத்தனை தத்துவம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நாட்டுக்குரங்கு ஜன்னல் வழியாகக் கையை விட்டு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூடியைத் திறக்கத் தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெரிந்திருந்தது. ஆடிட் நண்பர் சீடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. டப்பாவை "வரவில்லை" என்று கணக்கில் எழுதிக்கொண்டார். நமக்கென்ன குரங்கு புதிதா? டில்லி ஆபீஸ்களில் குரங்கு விரட்ட லங்கூர் கொண்டுவந்து கட்டிய காலத்தைப் பார்த்தவர்கள் நாம். பிறகு லங்கூரை அப்படி வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் குறுக்கே நின்றது. 2014-ல் லங்கூர் மாதிரி குரல் கொடுக்க 40 பேரை அமர்த்தியிருப்பதாக பார்லிமென்ட்டிலேயே பதில் வந்தது. அந்த பைல் மட்டும் என் மேஜைக்கு வரவில்லை.

திரும்பி வரும் வழியில் அகஸ்தியர் அருவி. மூன்று பேரும் குளித்தார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் குளித்தார்கள். நான் ரயில்வே நண்பரோடு கரையில் உட்கார்ந்தேன். ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துவந்து அவர் தலையில் கொஞ்சம் தெளித்தேன். "புரோக்ஷணம் ஆச்சு, புண்ணியம் வந்துடுத்து" என்றார். பக்கத்தில் அருவியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம்தான் அந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் நினைவில் நிற்கிறது. சாயங்காலத்துக்கு முன்னாலேயே செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டோம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஜூலை 11-ம் தேதி காலை டில்லியில் வந்து இறங்கினோம். அந்த வாரம் உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். ஜூலை 9-ம் தேதி காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில், நமக்குப் பக்கத்திலிருக்கும் சப்தர்ஜங்கில் 153 மில்லிமீட்டர் மழை. ஜூலை மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்தது 1982-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆனால் யமுனை உச்சத்துக்கு ஏறியது அன்று இல்லை. இமாசலத்தில் பெய்த மழை ஹத்னிகுண்ட் அணையில் சேர்ந்து, 11-ம் தேதி அங்கிருந்து விநாடிக்கு மூன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியது. அந்தத் தண்ணீர் சுமார் 200 கிலோமீட்டர் கடந்து டில்லிக்கு வரவேண்டும். 13-ம் தேதி யமுனை 208.66 மீட்டர். 1978-ல் எட்டிய 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். ரிங் ரோடில் படகு. ராஜ்காட்டில் தண்ணீர். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூன்றை மூடியதால் குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை.

ஆடிட் நண்பர் இருப்பது மயூர் விஹாரில். ஆற்றுப் படுகையில் குடிசை போட்டு, காய்கறி பயிரிட்டுப் பிழைப்பவர்கள் அங்கே சாலையோரத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். அவர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து போனில் சொல்வார். மைக்கில் எச்சரித்தும் சிலர் கடைசிவரை கிளம்பவில்லையாம். அவர்கள் தலைக்கு மேலும் வானம் வெளுப்பாகத்தான் இருந்திருக்கும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர்களுக்கு விட்டுவர மனமில்லாதது ஆடு, மாடு, பயிர், வீடு. எனக்குக் குற்றாலத்தில் விட்டுவர மனமில்லாதது ரெண்டு நிமிஷக் குளியல்.

குற்றாலத்து வெள்ளம் வருவதற்கு நிமிஷக்கணக்கு, யமுனைக்கு நாள்கணக்கு. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். நாம் நிற்கிற இடத்து வானத்தை வைத்து நதியைக் கணக்குப் போடக்கூடாது. மேலே இருப்பவன் அனுப்பும் செய்தியைக் கீழே இருப்பவன் நம்ப வேண்டும். அடுத்த வருஷமே, 2024 மே 17-ம் தேதி, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். டி.வி.யில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன். ரயில்வே நண்பரிடமிருந்து போன் வந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டோம்.

பயப்படுத்தி உங்களை வீட்டிலேயே உட்கார வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. போங்கள். முடிந்தால் இந்த சீசனுக்கே போங்கள். நாங்கள் ஐம்பது வருஷம் தள்ளிப்போட்டது ஒரு தப்பு. போனால் சில விஷயங்கள் மட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அருவியில் நிற்காதீர்கள். பிளட்பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள். நேரே தலையைக் கொடுக்காமல் ஓரத்தில் நில்லுங்கள். பாசிப் பாறையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடங்கள். தண்ணீரின் நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியும் வந்தாலோ, சத்தம் கனத்தாலோ, விசிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். காட்டுக்குள் கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள், குரங்கு எடுத்துக்கொண்ட டப்பாவைத் தவிர. அவர்கள் சொன்ன நேரத்துக்கு வெளியே வாருங்கள்.

விசில் ஊதினால் வருத்தம் வருவது இயற்கை. 60 வயதில் சர்க்கார் எனக்கு விசில் ஊதியபோதும் வருத்தமாகத்தான் இருந்தது. இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று அலைந்தேன். என் நாற்காலிக்கு வந்தவர் என்னைவிட நன்றாகவே பார்த்தார். ஊதுகிறவன் சின்னவனாக இருக்கலாம். அவன் நிற்கிற இடத்திலிருந்து அவனுக்கு ஏதோ தெரிகிறது. பிள்ளைகள் "அப்பா, இனிமே கார் ஓட்டாதேள்" என்று சொன்னபோது, குற்றாலம் ஞாபகம் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. ரயில்வே நண்பரின் கட்டை ஆறு வாரத்தில் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மணிக்கட்டு முழுவதுமாக மடங்குவதில்லை. காலையில் சந்தியாவந்தனத்தில் ஆசமனத்துக்கு உள்ளங்கையைக் குவிக்கும்போது தண்ணீர் நிற்காமல் கொஞ்சம் ஒழுகிவிடும். எங்கள் வீட்டுக்கு ஒரு பூணூல் கல்யாணத்துக்கு வந்தபோது அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "போறது ஓய், உளுந்து மூழ்கற அளவு ஜலம் போறுமாம். அவ்வளவு நிக்கறது" என்றார்.

அவரை எழுந்து நிற்கச் சொல்லப் போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. இந்தச் சபையின் முன்னால் அவருக்கு என் நமஸ்காரம். அன்று எனக்காகத் திரும்பி வந்ததற்கு.

இருபது நிமிஷம் ஆகிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விசில் ஊதியாயிற்று. நான் கரையேறுகிறேன்.